பசளைக்கு முன்னால் மண்ணை மறியுங்கள்

வாசகர் கேள்வி: பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாதர் சங்கத்தினர் நாங்கள். எங்கள் லயங்களுக்கு மேலே தேயிலை செத்துக் கைவிடப்பட்டிருந்த ஏறக்குறைய ஒரு ஏக்கர் மலையை, மரக்கறி போட்டுக்கொள்ளும்படி தோட்ட நிர்வாகியான துரை வாய்மொழியாகச் சொல்லித் தந்தார். பதினான்கு குடும்பங்கள் பிரித்துச் செய்கிறோம். முதல் வருடம் கோவாவும் போஞ்சியும் நன்றாக வந்தன. இரண்டாம் வருடம் கோவா பகலில் வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கிழங்குபோல் வீங்கியிருந்தது. மழை பெய்தால் மண் கரைந்து வந்து பணிய (கீழே உள்ள) லயத்துக் கான், அதாவது வடிகால், அடைபடுகிறது. பசளை விலைக்கு எங்கள் சம்பளம் கட்டாது. மலையில் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கச் சொல்கிறார் ஒருவர். பீப்பாவில் கரைசல் தயாரித்து ஊற்றினால் வேறு பசளையே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். விதைக்கிழங்கைக் கடனாகத் தருகிறேன், உருளைக்கிழங்கு போடுங்கள் என்று ஒரு வியாபாரியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கையில் பணமில்லாத நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பசளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பணிய லயத்துக் கானில் வந்து அடைகிற சேற்றிலிருந்து பதிலைத் தொடங்குகிறேன். முதல் வருடம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பசளையின் மீதியும், தேயிலை நின்ற காலமெல்லாம் உதிர்ந்து மக்கிய சருகின் சத்தும் அந்தச் சேற்றோடுதான் இறங்கிப் போயின. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு மண் கரைந்தால் அது நான்கு கனமீற்றர், நிறையில் ஏறத்தாழ ஐந்து தொன். மேலே நின்று பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியாது. கான் அடைபடும்போது கீழே இருப்பவருக்குத்தான் தெரியும். இந்த நிலையில் மலைமீது எந்தப் பசளையைக் கொண்டுபோய்க் கொட்டினாலும், அது விலைகொடுத்து வாங்கியதானாலும் வீட்டில் செய்த கூட்டெருவானாலும், அடுத்த பெருமழையில் அதே வழியாகவே போகும். ஆகவே முதலில் மண்ணை மறிப்பது, பிறகு அதற்கு உணவிடுவது, அதன்பின் எந்தப் பயிர் என்று முடிவுசெய்வது என்ற வரிசையில் உங்கள் சங்கம் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகவே செய்கிறார்கள்; வியாபாரி சொல்லும் பயிரில் தொடங்கி, அதற்கான பசளையைக் கடன்பட்டு வாங்கி, மண்ணைப் பற்றி மூன்றாம் வருடம்தான் கவலைப்படுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மண்ணை மறிக்கும் வேலைக்குப் பணம் அநேகமாகத் தேவையில்லை; உடல் உழைப்பு தேவை. காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் பெண்ணிடம் பணத்தைவிட அருமையாக இருப்பது நேரம்தான். அதனால் ஏக்கர் முழுவதையும் ஒரே பருவத்தில் திருத்திவிடும்படி நான் சொல்லமாட்டேன். கச்சான் காற்று வீசி நிலம் காய்ந்திருக்கும் மாதங்களில் மலையின் குறுக்கே கோடு குறித்துக் கான் துப்பரவாக்குங்கள். ஒக்டோபர் மழை பிடித்ததும் மண்ணை மறிக்கும் செடிவேலி நடுங்கள். இப்படி ஆண்டுக்கு மலையின் மூன்றிலொரு பகுதியென்று, மேலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். மேலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: மலையுச்சியிலிருந்து வரும் நீரை முதலில் ஒதுக்காமல் நடுவில் வேலி நட்டால் முதல் பெருமழையிலேயே அது பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

அந்த மலையில் தேயிலை இருந்த காலத்தில் வெட்டப்பட்ட பழைய கான்கள் இன்னும் இருக்கும். மண் நிரம்பிப் புல் மூடியிருப்பதால் உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். உங்கள் லயங்களிலேயே கான் வெட்டு வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களில் இருவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறுங்கள். எந்தக் கான் எந்த ஓடைக்குப் போயிற்று, எந்த இடத்தில் ஊற்று கசியும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. புதிய கான் வெட்டுவதைவிடப் பழையதைத் தூர்வாருவது வேலையும் குறைவு, ஆபத்தும் குறைவு.

பழைய கான் அகப்படாத இடங்களில் சமவுயரக் கோட்டை, அதாவது மலையின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் கோட்டை, நீங்களே குறித்துக்கொள்ளலாம். அதற்கு 'ஏ' எழுத்தின் வடிவில் ஒரு மரச்சட்டம் போதும். ஏழு அடி நீளமான இரண்டு நேரான கம்புகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்கள் ஆறடி அகலத்துக்கு விரிந்து நிற்கும்படி நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பை உரசி நிற்க வேண்டும். சட்டத்தை நிலத்தில் நிறுத்தி, இரண்டு கால்களும் ஊன்றிய இடங்களில் முளையடித்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த முளையில் வலது காலை வைத்து, நூல் நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் சரிநடுவே போடுகிற மூன்றாவது கோடுதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மறுகாலை நூல் நடுக்கோட்டில் விழும்வரை மேலும் கீழும் நகர்த்தி, அந்த இடத்தில் முளையடித்து, அப்படியே மலையின் குறுக்கே நடந்துபோனால் சமவுயரக் கோடு கிடைத்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட விரைவாகப் பழகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கானுக்கான கோடு முற்றிலும் மட்டமாக இருக்கக் கூடாது. இங்கேதான் உங்களுக்குக் குழி வெட்டச் சொன்னவரோடு நான் மாறுபடுகிறேன். வறண்ட சமவெளிப் பிரதேசங்களில் மழைநீரைக் குழியிலும் மட்டமான அகழியிலும் தேக்கி நிலத்துக்குள் இறக்குவது அருமையான முறை. லயங்களுக்கு நேர்மேலே இருக்கும் செங்குத்தான மலையில் அதே வேலையைச் செய்வது மண்சரிவை அழைப்பதற்குச் சமம். நீர் ஊறிய மண் நிறை கூடி, அடியிலுள்ள பாறையோடு பிடிமானம் இழந்து வழுக்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை ஊவாவில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே உங்கள் மலையில் நீரைத் தேக்க வேண்டாம்; அதன் வேகத்தை மட்டும் குறைத்து, பாதுகாப்பான வழியில் ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். நூறு அடிக்கு ஓர் அடி என்ற அளவில் கான் சரிந்தால் போதும். இதற்கும் அதே சட்டம் உதவும்: ஒரு காலின் அடியில் முக்கால் அங்குலக் கனமான பலகைத் துண்டொன்றை ஆணியடித்து, அந்தக் காலை எப்போதும் ஓடைப் பக்கமாக வைத்துக்கொண்டு, நூலை நடுக்கோட்டில் நிறுத்திப் போனால் அந்தச் சரிவு தானாகவே கிடைக்கும். கான் ஓடையில் விழும் இடத்தில் கல் பதித்தோ புல் நட்டோ விடுங்கள். இல்லாவிட்டால் அங்கே புதிதாக ஒரு பள்ளம் பிறக்கும்.

மண் வேலையைத் தொடங்கும் முன், நிலத்தில் பிளவு விழுந்திருக்கிறதா, லயச் சுவர்களில் புதிய வெடிப்பு உண்டா, மரங்களும் கம்பங்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, இல்லாத இடத்தில் ஊற்று தோன்றியிருக்கிறதா, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. உங்கள் மலைக்கு அவர்களின் அபாய வரைபடத்தில் என்ன நிறம் தீட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அதியபாய வலயமாயின் அங்கே மரக்கறிப் பாத்தியே வேண்டாம். வேறு துண்டு நிலம் கேளுங்கள்.

இனி வேலிக்கு வருவோம். கானின் கீழ்க்கரையில், கோட்டையொட்டி, நெருக்கமாக ஒரு செடிவேலி நட்டு அதை அடிக்கடி வெட்டி, வெட்டிய தழையை வேலியின் மேற்பக்கத்தில் போட்டுவந்தால், கரைந்து வரும் மண் அங்கே தங்கித் தங்கி நாலைந்து ஆண்டுகளில் தானாகவே படிக்கட்டாக மாறும். பிலிப்பைன்சின் மிண்டனாவோத் தீவில் 1970களில் வறிய மலைவாழ் விவசாயிகளுக்காக முறையாக வகுக்கப்பட்ட உத்தி இது; நம்முடைய கண்டி, பதுளை மாவட்டங்களிலும் நன்கு அறியப்பட்டது. பத்தடி தூரத்துக்கு நாலடி இறங்குகிற சரிவானால் பன்னிரண்டு அடிக்கு ஒரு வேலி வேண்டும். சரிவு கூடக்கூட இடைவெளியைக் குறையுங்கள். நிமிர்ந்து நிற்க முடியாத செங்குத்தான பகுதியைப் பயிரிடாமல் புல்லுக்கு விட்டுவிடுங்கள்.

எந்தச் செடி என்பதில் உங்கள் உயரத்தைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் கிளிரிசீடியாவைத்தான் சொல்வார்கள். அது தாழ்நிலத்திலும் கண்டி உயரத்திலும் கொழிப்பதுபோல் பண்டாரவளையின் 1,200 மீற்றர் உயரத்துக் குளிரில் கொழிப்பதில்லை. வளரும், ஆனால் மெதுவாக வளரும். அதைத் தனியே நம்பாமல், தோட்டத்தில் சும்மா கிடைக்கும் குவாத்தமாலாப் புல்லையும் வெட்டிவேரையும் கலந்து நடுங்கள். தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன் மண்ணைத் தேற்றுவதற்காகத் தோட்டங்களில் நடப்படுகிற அதே குவாத்தமாலாதான், மாட்டுக்கும் தீனியாகும். அதன் வேர் பக்கத்துப் பயிரின் சத்தை இழுக்கும் என்பதால் முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவிடக் கூடாது. கிளிரிசீடியாவைக் கம்பாக நடுவதைவிட விதையிட்டு வளர்த்தால் ஆணிவேர் ஆழமாக இறங்கும். சரிவில் நமக்கு வேண்டியது அந்த வேர்தான். தெருவோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை வேலியாக நடவேண்டாம், அது தன்போக்கில் பரவும். ஆனால் அதன் தழையை வெட்டிக்கொண்டு வந்து மண்ணுக்கு இடுவது மிக நல்லது, நைதரசனோடு பொற்றாசியமும் அதில் தாராளமாக உண்டு. தண்டை விட்டுவிட்டு இலையையும் இளங்கொப்பையும் மட்டும் எடுங்கள். தண்டு விழுந்த இடத்தில் வேர்விடும்.

பாத்திகளை மலையின் குறுக்கே, கோட்டுக்கு இணையாக அமையுங்கள். மேலிருந்து கீழாகப் பாத்தி போடும் பழக்கம் மலையகமெங்கும் இருக்கிறது. நீர் தேங்கிக் கிழங்கு அழுகாது என்பதற்காகச் செய்கிறார்கள், அந்தக் காரணம் உண்மையானதுதான். ஆனால் சற்றே சரிந்த கான் இருக்குமானால் குறுக்குப் பாத்தியிலும் நீர் தேங்காது. அதோடு, சரிவில் கீழே நின்று மண்வெட்டியால் கொத்தும்போது ஒவ்வொரு கொத்துக்கும் மண் ஒரு சாண் கீழே இழுபடுகிறது. மழையே இல்லாவிட்டாலும் மலையை நாமே இறக்கிக்கொண்டிருக்கிறோம். நிலம் முழுவதையும் கொத்திப் புரட்டாமல், நடுகிற வரிசையை மட்டும் முள்ளுக் கருவியால் குத்தி இளக்கி, மீதி இடத்தைப் புல்லாலும் தழையாலும் மூடுங்கள். மூடாத பாத்தியில் மழை விட்டதும் குனிந்து பாருங்கள்: சின்னச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் அரை விரல் உயரத்து மண் தூணின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியிலிருந்த மண் மட்டும் தப்பியிருக்கிறது. சுற்றியிருந்தது மழையில் போய்விட்டது. உங்கள் வேலை பலிக்கிறதா என்பதை அறிய, பெருமழையின்போது கான் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, இரவு முழுக்க அசையாமல் வைத்து, அடியில் தங்கிய வண்டலின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில், அதேபோன்ற மழையில் மீண்டும் பிடித்து ஒப்பிடுங்கள்.

இனிப் பசளை. நூறு கிலோ பச்சைக் கிளிரிசீடியாத் தழை காய்ந்தால் இருபது, இருபத்தைந்து கிலோ வரும். அதில் முக்கால் கிலோ அளவில் நைதரசன் இருக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் என்பதால், அந்த ஒரு சுமைத் தழை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். தழை சில வாரங்களில் மக்கிச் சத்தை விட்டுவிடும். ஆகவே பயிர் வேகமாக வளரத் தொடங்கும் நேரத்தில் அதை வெட்டி இட வேண்டும்; காய்ந்த காலத்தில் வெட்டி வெயிலில் போட்டால் பாதி வீண். வேலி புதிதாக இருக்கும் முதல் ஆண்டில் இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கூட்டெருவை ஒவ்வொரு வீட்டிலும் சின்னச் சின்னக் குவியலாகச் செய்வதைவிட நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பெரிய குவியலாகச் செய்யுங்கள். மூன்றடிக்குக் குறைந்த குவியல் இந்தக் குளிரில் சூடேறாது. சூடேறாவிட்டால் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகா. தோட்டத்தில் களைநாசினி அடித்த புல்லைச் சேர்க்க வேண்டாம். கவ்வாத்து மிலாறு (தேயிலையைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டி விழும் கிளை) மரம்போல் கடினமானது, மக்க நீண்ட நாளாகும். அதன் இலையை உதிர்த்துச் சேர்த்துவிட்டுக் குச்சியை அடுப்புக்கு எடுங்கள். அடுப்புச் சாம்பலைத் தனியே சேர்த்து வைத்துப் பாத்திக்கு இடுங்கள். ஈரச் சாணத்தோடு கலந்தால் நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். மாடு வைத்திருக்கும் வீடுகளில் சாணத்தை எடுத்துவிட்டு மூத்திரத்தைக் கானில் ஓடவிடுகிறார்கள். மாடு வெளியேற்றும் நைதரசனிலும் பொற்றாசியத்திலும் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் இருக்கிறது. தொழுவத்தில் காய்ந்த புல்லை மெத்தையாகப் பரப்பி, நனைந்ததும் அள்ளிக் குவியலில் போட்டால் அந்த இழப்பு நிற்கும். இது காசில்லாமல் கிடைக்கும் பசளைகளில் முதலிடத்தில் இருப்பது என்பேன்.

பீப்பாக் கரைசலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் தீமையில்லை, செய்து ஊற்ற விருப்பமிருந்தால் ஊற்றுங்கள். ஆனால் ஒரு பீப்பாவில் போட்ட தழையிலும் சாணத்திலும் எவ்வளவு சத்து இருந்ததோ, அதற்கு மேல் ஒரு துளியும் கரைசலில் வராது. அதுவே போதும் என்று நம்பி வேறெதையும் இடாமல் விட்டால் பயிர் வெளிறிப்போகும்.

இரசாயனப் பசளையை அடியோடு விட வேண்டுமா என்றால், உங்கள் நிலையில் வேண்டாம் என்றே சொல்வேன். 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்தியது. அதற்கிடைப்பட்ட காலத்தில் தேயிலையும் நெல்லும் மரக்கறியும் பட்ட பாட்டை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். சேதனப் பசளை கெட்டது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. பல ஆண்டுகள் பசளை மூட்டையையே நம்பியிருந்த மண்ணை ஒரே பருவத்தில் திருப்ப முடியாது என்பதுதான் அங்கே தெரிந்தது. கூட்டெரு, தழை, மூடுபடை ஆகியவற்றை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே, வாங்கும் பசளையைப் படிப்படியாகக் குறையுங்கள். வாங்குகிற கொஞ்சத்தையும் நிலமெங்கும் தூவாமல், நடுகுழியில் ஒரு கை கூட்டெருவோடு கலந்து இடுங்கள். உங்களுடையதுபோன்ற அமில மண்ணில், தூவிய பொஸ்பரசை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். குழியில் கூட்டெருவோடு இருந்தால் வேருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

அமில மண் என்றேன். தேயிலை அமிலத்தை விரும்பும் செடி; 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். (அமிலத்தின் அளவைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) அதற்கு உகந்தது. மரக்கறிகளில் பெரும்பாலானவை 6ஐ ஒட்டிய மண்ணைக் கேட்பவை. அமிலத்தைக் குறைக்க, நடுகைக்கு மூன்று வாரம் முன்னதாகப் பேர்ச்சுக்கு ஐந்து கிலோ டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவி மண்ணில் கலந்துவிடலாம். மண்ணைப் பரிசோதிக்காமல் அதற்கு மேல் போகவேண்டாம்.

கோவாவின் வேர் வீங்கியதற்கும் இந்த அமிலத்துக்கும் தொடர்பு உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் அது வேர்முடிச்சு நோயாகவே இருக்க வேண்டும். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியால் வருவது, மருந்தடித்துத் தீர்க்க முடியாதது. அதன் வித்துகள் பயிரில்லாமலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆகவே அந்தப் பாத்திகளில் கோவாவை மட்டுமல்லாமல், அதே குடும்பத்தைச் சேர்ந்த நோக்கோல், ராபு, பூக்கோவா, கடுகுக்கீரை எதையும் இனி நெடுங்காலத்துக்குப் போடாதீர்கள். வீங்கிய வேர்களைக் குவியலில் சேர்க்காமல், மாட்டுக்கும் போடாமல் எரித்துவிடுங்கள். மாட்டின் வயிற்றைக் கடந்தும் அந்த வித்து பிழைத்துச் சாணத்தோடு வெளிவரும். நாற்றை வெளியில் வாங்கியிருந்தால் நோய் அந்த வழியாகவே வந்திருக்கலாம். கரைந்து இறங்கும் மண்ணோடும் அது இறங்குகிறது. மேலே உள்ள குடும்பத்தின் பாத்தியில் இருந்த நோய் கீழே உள்ள குடும்பத்துக்கு வருவது இப்படித்தான் என்பதை எல்லோருக்கும் விளக்குங்கள்; கான் வேலைக்கு வராமல் இருப்பவர்களும் அதைக் கேட்டால் வருவார்கள்.

உருளைக்கிழங்குக் கடனை வாங்காதீர்கள். ஏக்கருக்கு ஒரு தொன்னுக்குக் கிட்ட விதைக்கிழங்கு வேண்டும். பயிர்ச் செலவில் பெரும்பங்கு அதற்கே போகும். பனிமூட்டமான வாரங்களில் பிந்திய வெளிறல் நோய் வந்தால் மருந்துச் செலவு தனி. எங்கிருந்து வந்ததென்று தெரியாத விதைக்கிழங்கோடு பற்றீரியா வாடல் மண்ணுக்குள் வந்துவிட்டால், அதன்பின் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் அங்கே நிலைக்காது. இவையெல்லாம் ஒருபுறமிருக்க, கிழங்கைக் கிண்டி எடுக்கும்போது மலை முழுவதும் கிளறப்பட்டு, அடுத்த மழைக்குத் திறந்து கிடக்கும். விற்பனை விலையையும் விதைக்கிழங்கு விலையையும் அந்த வியாபாரியே தீர்மானிப்பார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாகக் கொடிப்போஞ்சியை முதற்பயிராக வையுங்கள். அவரைக் குடும்பமானாலும் தனக்கு வேண்டிய நைதரசனை முழுதாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளாத சோம்பேறிப் பயிர்தான் அது. கொஞ்சம் தழைப்பசளை கேட்கும். ஆனாலும் அதன் விதையை நீங்களே எடுத்துவைக்கலாம் என்பது பெரிய வசதி. கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றின் விதையை வீட்டில் எடுப்பது நடக்காத காரியம். ஒவ்வொரு பருவமும் கடைக்குத்தான் போக வேண்டும். போஞ்சியில் நோயில்லாத கொடிகளை முன்கூட்டியே துணி கட்டி அடையாளமிட்டு, அவற்றில் காய் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். பல்லால் கடித்தால் பல் பதியாத அளவுக்கு விதை காய்ந்ததும், உலர்ந்த சாம்பலோடு கலந்து போத்தலில் இறுக மூடிவையுங்கள். முளைத்த சில நாட்களில் போஞ்சி ஈயின் புழு தண்டைத் துளைப்பதால் செடிகள் மஞ்சளித்துச் சாயும். இரண்டாம் வாரம் அடித்தண்டுக்கு மண் அணைத்துவிட்டால் மேலே புதுவேர் விட்டுப் பல செடிகள் தப்பிவிடும்.

பாத்தி ஓரங்களில் வற்றாளை படரட்டும்; அது மண்ணை மூடும், இலையும் கறிக்காகும். கான் கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வீட்டோரத்தில் ஒரு பந்தல் சௌசௌவும் இருந்தால் வருடம் முழுவதும் சட்டிக்கு ஏதாவது கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வில், தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவராக இருந்தார். மரக்கறி மொத்தச் சந்தையான கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்தில் விலை விழுந்த வாரத்திலும் பிள்ளையின் கோப்பையில் கீரை விழ வேண்டும் என்பதை மனதில் வைத்துப் பயிர்த்திட்டம் போடுங்கள். விற்பனைக்கான போஞ்சி அதற்கு அடுத்ததாக இருக்கட்டும்.

நிலம் வாய்மொழியாகத் தரப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். 1992 முதல் பெருந்தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. நிலம் அரசுடையது, துரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்று நடுகிற வேலி பலன் தர மூன்றாண்டு ஆகும். ஆகவே குறைந்தது ஐந்தாண்டுக்குப் பயிரிட அனுமதி என்று ஒரு கடிதத்தை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது, கான் துப்பரவாக்குவதும் வேலி நடுவதும் கீழுள்ள லயங்களையும் தோட்டத்துப் பாதையையும் காப்பாற்றும் வேலை என்பதை எழுத்தில் சொல்லுங்கள். துரையும் மேலிடத்துக்குக் காரணம் காட்ட வேண்டியவர்தான். கடிதம் கைக்கு வரும்வரை புல்வேலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழமரங்கள் வைக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் உடனே செய்யக்கூடியது மண் பரிசோதனை. மலையின் எட்டுப் பத்து இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைத் துப்பரவான பொலித்தீன் பையில் கட்டுங்கள். கோவா நோய்ப்பட்ட பாத்திகளின் மண்ணைத் தனிப் பையில் கட்டி, எந்தப் பை எது என்று எழுதிவையுங்கள். உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடமோ, பண்டாரவளையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்திலோ அதைக் கொடுப்பது பற்றி விசாரியுங்கள். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசிச் சேவையிலும் கேட்கலாம். முடிவு வந்ததும் பீ.எச். பெறுமானத்தையும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை பேர்ச் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். டொலமைட் அளவை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.